கரைந்துபோன துறைமுகம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். உன் கடிதத்தில் துறைமுகப் படத்தைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். அப்பாவைப் பற்றி ஒரு இடத்திலும் இல்லை. அவருக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

படத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ போனில், படம் முழுக்கப் பழுப்புக் கறை, ஆபீசில் மாட்டினால் மானம் போகும் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. பழைய படங்களைச் சுத்தம் செய்து சட்டம் போடும் கடையை அவர் மூடி எட்டு வருஷம் ஆகிறது. கண்ணில் புரை, கையில் நடுக்கம். ஆனாலும் மகன் கேட்டுவிட்டானே! நான் வேலைக்குப் போனபிறகு சட்டத்தைப் பிரித்து, பெரிய பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் பிடித்து, கறை போக்கும் மருந்தை ஊற்றிப் படத்தை முக்கியிருக்கிறார்.

நான் வந்து பார்த்தபோது பாய்மரக் கப்பல், கிடங்கு, மூட்டை தூக்கும் கூலிகள், குடை பிடித்து நிற்கும் துரை எல்லாம் ஒரே கலங்கல். அப்பா இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "மருந்து அதிகமாப் போட்டுட்டேம்மா. அவன்கிட்ட சொல்லிடாத" என்று அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வெறும் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனசுல என்ன இருக்குன்னு கேளுங்க, இப்படியே போனா தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. அந்தப் படம்போலச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட மை தண்ணீரில் கரையாது. அதை எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். அவருக்கே மறந்துவிட்டது, பழியைத் தன் கைமேல் போட்டுக்கொண்டார். கரைந்தது நகல். இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணாடி விரிசல் விட்டபோது, கம்ப்யூட்டர் கடையில் கறையோடு அப்படியே பிரதி எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தவள் நான். அசல் என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஏன் என்று கேட்பாய். கண்ணாடி விரிசல் விட்ட அன்று காலையில்தான் அப்பா, வீடும் படமும் தம்பிக்கு என்றார். எனக்கு என்ன என்று கேட்டேன். "உனக்கென்ன, நீதான் கூடவே இருக்கியே" என்று சிரித்தார். பதினோரு வருஷமாகக் கூடவேதான் இருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் அப்பா சாப்பிட்டுவிடுவார். தினமும் நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன். பாவம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

நீ நேரில் வா. வந்து பத்து நாள் அவரைக் குளிப்பாட்டு, அவர் மூத்திரத் துணியை அலசு. பிறகு படத்தை நானே எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று நினைக்காதே, அவர் போன் இப்போது என் பையில்தான் இருக்கிறது. லீவு இல்லை என்று எழுதினால், அதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கணக்கு இரண்டு வாரம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா