உன் நீலப் பல் என் காதுக்கு வந்து சேர்ந்தது

அன்பு மகள் முயல்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் பாதி சுகம், என் காது இரண்டும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழுச் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், சாப்பிடவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா, கடிதம் எங்கேயும் ஓடிவிடாது. வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்காகத் தபால்தலை ஒட்டுகிறார் என்று சிரிப்பாய். சிரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, என் முகம் பாதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும், அதோடு உன் அம்மா பக்கத்து அறையில்தான் இருப்பாள், அவளுக்கு எந்த மெஷினும் தேவையில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஈ உட்கார்ந்தாலும் கேட்கும்.

முதலில் உன் சாமர்த்தியத்தைப் பேசிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் புது அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது, போடு என்று அழுத்திவிட்டு ஒரு கீழ்வரிசைக் கட்டுப்பல் செட்டுக்கு மெழுகு பிடித்து முடித்தேன், திரும்பிப் பார்த்தால் எல்லாம் முடிந்து, மூலையில் நீ சொன்ன அந்தச் சின்ன நீலக் குறி உட்கார்ந்திருந்தது. இதற்கு முன்னால் எத்தனை பாடு! என் காது மெஷினைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க நீ தபாலில் அனுப்பிய விரல்நகம் அளவு குச்சி, அதைச் செருகின பிறகு தட்டுவதற்கென்று இரண்டு பக்கம் கட்டளை, ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் குச்சி தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் இல்லையா, தொலையவில்லை, பல் அச்சுக்கு மாவு கரைக்கிற கிண்ணத்தில் விழுந்து யாரோ ஒருவருடைய மேல்தாடை அச்சுக்குள்ளே உறைந்துபோனது, அதை உடைத்து எடுத்தபோது குச்சிக்கும் உயிர் இல்லை, அச்சுக்கும் உயிர் இல்லை. இப்போது குச்சியும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம், அந்தச் சில்லு இந்தப் பெட்டிக்குள்ளே ஆரம்பத்திலிருந்தே இருந்ததாம், அதோடு பேசத்தான் நீங்கள் எழுதுகிற சிஸ்டத்துக்குத் தெரியாமல் இருந்ததாம், இப்போது பேசக் கற்றுக்கொடுத்துவிட்டீர்களாம், நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தாவது படிக்கும்போது என் வேலை அறைக்குள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, செத்தாலும் பல் வேலை செய்யமாட்டேன்பா என்று சொன்னவள் நீ. கடைசியில் உன் நான்கு பேர் குழுவோடு சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரே ஒரு பல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறாய், அதுவும் நீலப் பல், உங்கள் பாஷையில் புளூடூத்! நான் முப்பத்தொரு வருஷமாகப் பதினாறு நிறத்தில் பல் செய்கிறேன், பால் வெள்ளை முதல் புகையிலைப் பழுப்பு வரை, நீலத்தில் ஒன்றுகூடச் செய்ததில்லை. ஒரு பல்லுக்கு இரண்டு வருஷம் எடுத்தால் எங்கள் பல் டாக்டர் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார், உன் ஆட்கள் பொறுமைசாலிகள்.

ஞாயிறு காலை நீ கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட வேண்டும் என்று காது மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டியலில் மூன்று பெயர் காட்டியது. மூன்றும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது, மனுஷப் பெயராக ஒன்றுமில்லை. நடுவில் இருந்ததை அழுத்தினேன், இணைந்துவிட்டது என்று டக்கென்று சொன்னது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. சோதித்துப் பார்க்க நீ முன்பு அனுப்பியிருந்த குரலைப் போட்டேன், அப்பா கேக்குதா, அப்பா நல்லா கேக்குதா என்று நீ ஆறு தடவை கேட்பாயே, அதுதான். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கடைசிவரை கூட்டினேன். மாடிவீட்டு டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்து, அண்ணே, உங்க பொண்ணு எங்க வீட்டு அலமாரியில இருந்து அப்பா கேக்குதா அப்பா கேக்குதான்னு கத்துது, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு என்றார். முந்தின நாள்தான் புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்தாராம், பெட்டியிலிருந்து எடுத்து இன்னும் எதோடும் சேர்க்கவில்லையாம், அதற்குள் நீ குடிபுகுந்துவிட்டாய். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர்தான் சரியான பெயரைக் கண்டுபிடித்து அழுத்திக் கொடுத்துவிட்டுப் போனார், போகும்போது என் அலமாரியை விட்டுடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நீ கூப்பிட்டாய். முயல்குட்டி, உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன். நீ பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன ம் சொல்வாயே, அது எனக்குக் கேட்டது. நீ தேநீரை உறிஞ்சியது கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது, அதற்கு எண்ணெய் போடு. உன் குரல் எங்கேயோ ஒரு குழாய்க்குள்ளிருந்து வராமல் நேராக என் தலைக்குள் வந்து உட்கார்ந்து பேசியது. நான் ஒரு கேள்விக்கும் திருப்பி என்ன என்று கேட்கவில்லை, கவனித்தாயா? அந்தச் சந்தோஷம் கால்மணி நேரம்தான். பழைய கம்பெனியில் உன்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், பெரிய நாற்காலி தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்பா, அன்னைக்கு நீங்க மட்டும் தைரியமா செய்னு சொல்லலேன்னா நான் அந்த வேலையை விட்டு இதுக்கு வந்திருக்கவே மாட்டேன், இப்பவும் நீங்களே சொல்லுங்க என்றாய். அதற்கு மேல் ஒரு நொடி பொறுத்திருந்தால் என் முகம் என்னவாகியிருக்குமோ, காலால் வயரை இழுத்துவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று அம்மாவை விட்டு உனக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். கரண்ட் போகவில்லை. அவள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். வேலையை விடப்போவதாக நீ கூப்பிட்டுச் சொன்னாயே, அன்று நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. காது மெஷின் போன வருஷம்தான் வந்தது, ஆனால் காது போய் அதற்கு முன்னாலேயே நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. தினமும் பல் செட்டை அரைக்கிற அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். நான் யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சமாளித்தேன், சிரித்தால் ரொம்ப நல்லது என்பேன், முகம் வாடியிருந்தால் அப்படியா என்பேன், இரண்டுமில்லை என்றால் தைரியமா செய் என்பேன், இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஊரையே ஓட்டினேன். அன்று நீ தெருவில் நடந்துகொண்டே பேசினாய், முகம் வரவில்லை, வானமும் உன் காதும்தான் தெரிந்தது. வேலையை விட்டுட்டு என்று நீ சொன்னது எனக்கு முடியை வெட்டிட்டு என்று விழுந்தது. பொண்ணு முடி வெட்டிக்கொள்ளக்கூட அப்பாவைக் கேட்கிறாளே என்று நெஞ்சு நிறைந்து, ரொம்ப நல்லதும்மா, தைரியமா செய், அப்பா இருக்கேன் என்றேன். அடுத்த வாரம் உன் பின்னலைப் பார்த்துவிட்டு, இன்னும் செய்யலையா என்று நான் கேட்டதும், செஞ்சாச்சுப்பா என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறதா? அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை, கண்ணும் போய்விட்டதோ என்றுதான் பயந்தேன்.

செஞ்சாச்சு என்று நீ சொன்ன அன்று சாயங்காலமே அம்மா வந்து நின்றாள். அவ்வளவு பெரிய வேலையை விடுறேங்கிறா, ஒரு வார்த்தை தடுக்காம தைரியமா செய்னு சொன்னீங்களாமே, நீங்க என்ன மனுஷன் என்றாள். நான் கையில் பாலிஷ் போட்ட பல் செட்டோடு நின்றேன், அந்தச் செட்டாவது வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது, நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் காது கேட்காது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். செவிட்டு அப்பனாக இருப்பதை விடப் பொறுப்பில்லாத அப்பனாக இருப்பது அப்போது எனக்குக் கௌரவமாகப் பட்டது. பத்து நாள் திட்டு வாங்கினேன், ஆமா, பிள்ளை ஆசைப்படுறதைச் செய்யட்டும்னு சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கினேன். பிறகு நீ நன்றாக இருந்தாய், அம்மாவும் அடங்கினாள், சொந்தக்காரர்கள்கூட என்னைப் புதுமையான அப்பா என்று சொல்ல ஆரம்பித்தார்கள், எனக்கும் அந்தச் சட்டை பொருந்துகிற மாதிரியே இருந்தது, கழற்ற மனசு வரவில்லை.

உண்மையாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதே, நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம் என்றிருப்பேன். பெயர் தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து என்ன கிழிக்கப்போகிறாய் என்றிருப்பேன், உன் மாமாவை விட்டுப் பேசவைத்திருப்பேன், நீயும் அழுதுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாய். நீ என் தைரியத்தில் போனதாக நினைக்கிறாய், நான் தந்தது முடிவெட்டுவதற்கான தைரியம்தான், மற்றதெல்லாம் உன்னுடையது. அந்தப் பெருமையை என்னிடம் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தால் ஒரு வாரம் பேசாமல் இரு, இரண்டாவது வாரம் கூப்பிட்டுவிடு.

ஆனால் கேள்வி கேட்டாய், பதில் சொல்லாமல் வயரைப் பிடுங்கிவிட்டு ஓடியவனாக நான் இருக்கக்கூடாது. இந்தத் தடவை காதால் கேட்டதைச் சொல்கிறேன். பெரிய நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது நீ நிறுத்தி நிறுத்தி, யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பதுபோல் பேசினாய். சோதனையில் காது மெஷினின் இடது பக்கம் ஏன் பன்னிரண்டாவது நிமிஷத்தில் துண்டிக்கப்பட்டது, அதை எப்படி மூன்று வாரம் துரத்திப் பிடித்தாய் என்று சொல்லும்போது மூச்சே விடவில்லை, தேநீர் ஆறிப்போச்சு என்று நீயே திட்டிக்கொண்டாய். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், உன் தொழிலில் வேறொன்றும் தெரியாது. என்னைக் கேட்டால் போகாதே என்பேன். ஆனால் போக வேண்டும் என்று தோன்றினால் போ, அப்பா சொன்னார் என்று மட்டும் போகாதே, அப்பா சொன்னார் என்று இருக்கவும் செய்யாதே.

இதுவரை எழுதி வைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் செட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கக்கூட இல்லை. உங்களுக்கு அன்னைக்குக் கேக்கலைனு எனக்கு அன்னைக்கே தெரியும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னே எதுக்குடி பத்து நாள் திட்டினே என்றேன். திட்டினாலாவது காது கேக்கலைனு வாயால சொல்லி டாக்டர்கிட்ட வருவீங்கன்னு பாத்தேன், நீங்கதான் வீராப்பா நின்னீங்களே என்றாள். அப்ப அவகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க, அப்பா சரின்னுட்டார்மான்னு சொல்லும்போது அவ குரல் இருந்த இருப்பை நீங்க கேக்கல, நான் கேட்டேன் என்றாள். திருப்பி என்ன என்று நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் கேட்டது.

வேறு விசேஷம் இல்லை. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள், ஒன்று முடிந்துவிட்டது, அளவு பார்க்க மாடிவீட்டு டீச்சரின் கால்தான் கிடைத்தது, அது உன் காலுக்குச் சேருமா என்று சொல்ல ஆளில்லை. நீயும் உன்னுடன் வேலை செய்கிற நான்கு பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கைபடுகிற வேலையெல்லாம் துலங்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் எழுத மறந்துவிடாதே, எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை மெதுவாகவே பேசு, போதும்.

இப்படிக்கு,
உன் பேச்சை முழுதாகக் கேட்கிற
அப்பா