படப்பிடிப்பு முடியும் வரை

ஜூலை 8, செவ்வாய்

கலைவாணன் எடுக்கும் ஆவணப்படத்துக்கு, ஊரார் பேச்சைக் கேட்டு எழுதித் தருவது என் வேலை. விஷயம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். மதிய உணவு சமைக்கக் காலனியிலிருந்து செல்லி அக்கா வந்ததும், ஊர்த்தெருப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். என் அண்ணன் மகள் அமுதவல்லியும் வீட்டில் கார்ட்டூன் பார்க்கிறாள்.

“சாதியெல்லாம் இல்லீங்க, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி” என்றான் அண்ணன் நவநீதன், கேமராவைப் பார்த்து. ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இரண்டு தெரு தள்ளி நின்றே உப்புப் பார்க்கும் நாக்கு எங்கள் வம்சத்துக்கு.

ஜூலை 10, வியாழன்

அதிகாரிகள் வந்தார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகளைவிட ஜீப்புகள் அதிகம். சமரசம் பேசினார்கள். அதாவது, செல்லி அக்காவைக் கம்பைநல்லூர்ப் பக்கம் மாற்றிவிடலாம், அவருக்கும் நிம்மதி என்று.

“நான் போயிட்டா நாளைக்கே எல்லாரும் வந்துருவாங்க இல்லீங்களா சார்? அப்ப அவங்க பண்ணதுதான் சரின்னு ஆவாதுங்களா?” என்றார் அக்கா.

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு அதிகாரிகள் கேமராவுக்காக வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளிச்சம் போதவில்லை என்று கலைவாணன் திரும்பத் திரும்ப எடுத்தான். அண்டா காலி. தட்டோடு நின்ற காலனிப் பிள்ளைகளுக்கு அக்கா மறுபடி உலை வைத்தார். சமத்துவம் நல்ல பசியோடு வந்திருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

மாற்றல் உத்தரவு தயாராம். கேமரா இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டார்களாம். “படம் எப்பம்மா முடியும்?” என்று அலுவலகத்திலிருந்து போன். கலைவாணனோ நாளைக்கே சென்னை கிளம்புகிறான்.

“இன்னும் நிறைய இருக்குங்க சார்” என்றேன்.

ஐயோ — ஏன்டி இப்படி உளறினே? இப்ப என்ன பண்ணப்போற?

ஜூலை 14, திங்கள்

கலைவாணன் விட்டுப்போன பழைய கேமராவோடு பள்ளி வாசலில் நின்றேன். பேட்டரி செத்தது, யாருக்குத் தெரியும்? கேட்டு எழுதுவதோடு சரி, யாரிடமும் நின்று பேசாத நான், ஊரே பார்க்க.

அண்ணன் வந்தான். “வூட்டு மானத்த வாங்கறியே, புள்ள.”

“வராத பிள்ளைங்க வூட்டுப் பேரு மட்டுந்தாண்ணா படத்துல வரும்.”

ஜூலை 15, செவ்வாய்

ஊர்த்தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள், அமுதவல்லியும். புதுச் சட்டை, முகமெல்லாம் பவுடர்.

ஜூலை 22, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து மறுபடி போன். பிள்ளைகள் வருவதால் மாற்றலை ரத்து செய்துவிட்டார்களாம். தாங்கள் சாப்பிட்டுக் காட்டியதால்தான் வந்தார்கள் என்று படத்தில் வரவேண்டுமாம்.

மகளுக்கு வீட்டுச் சோறு கட்டிய டிபன் பாக்ஸோடு மதியம் அண்ணன் வந்தான். அமுதவல்லி அதற்குள் பந்தியில் உட்கார்ந்து, செல்லி அக்காவிடம் இன்னொரு கரண்டி கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தான்.

“நான் வந்தது படத்துல விழுந்துருச்சா?”

“இல்லண்ணா.”

டிபன் பாக்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமலே தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனான்.