டைப்ரைட்டருக்காக ஒரு பிராது

பீர்மேடு, 9-7-1974

அம்மாவுக்கு நமஸ்காரம்.

அண்ணா விஷயத்தில் நாலு வருஷம் பேசாமல் இருந்தது போதும். அதற்கு முன், உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, மழைதான் விடவில்லை.

என் முதல் போனஸில் வாங்கிய டைப்ரைட்டரை, ஒரு மாதத்தில் தருவதாகச் சொல்லி அண்ணா எடுத்துப்போனான். இன்று அதை வைத்துக் கல்பாத்தியில் டைப்பிங் கிளாஸ் நடத்துகிறான். என் கடிதங்களுக்குப் பதில் இல்லை.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் பிராது எழுதும் நல்லமுத்து, பிரதிவாதி குடியிருக்கும் பாலக்காட்டு முன்சீப் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும் என்றார். பெயர், விலாசம், மெஷினின் நம்பர் எல்லாம் கேட்டு எழுதினார்.

“வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே அப்பா பேரா இருக்கே சார்?”

“கூடப்பிறந்தவன்தான். எழுதுங்கோ.”

“குடுத்ததைப் பாத்த சாட்சி யாரு?”

“அம்மா.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “பெத்தவளைக் கூண்டுல ஏத்தவா சார் இம்புட்டு படிச்சீங்க?”

கோபம் வந்தது. அதட்டி எழுதவைத்தேன். “கையெழுத்துப் போடாட்டி இது வெறும் காயிதம்” என்று சொல்லிப் பிராதை என் கையில் கொடுத்தார்.

பிராது இதனுடன் இருக்கிறது. அண்ணாவிடம் காட்டு. அவனை மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

அலமாரியில் என் மப்ளர் இருந்தால் அனுப்பு. உப்பு நார்த்தங்காயும் கொஞ்சம்.

தபால் பை கட்டுகிறார்கள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நீ கூண்டில் நிற்பது தெரிந்தது. பிராதில் கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.