அண்ணாச்சிக்கு வந்த சீட்டு

மார்கழி 4, செவ்வாய்

காலையில் பனி, விறகு பிடிக்கவில்லை. விருதுநகர் பங்களாவுக்கு மந்திரி வந்தாயிற்று. நாலு நாள் தங்கல். தேர்தலுக்கு ஆள் பொறுக்க வந்திருக்கிறார். நான் ஆக்கிப் போட.

வாங்கினது: சேனை, கத்தரி, நெய், வெல்லம். மந்திரிக்குப் பல் ஆட்டம், எல்லாம் குழைய வேண்டும். மேடையில் மட்டும் இரும்பைக் கடிப்பார். அவர் பி.ஏ. தலைக்கு மை பூசுகிறார். தலையணை உறையைத் துவைக்கிறவனுக்குத் தெரியும்.

சீட்டுக் கேட்டு வந்த கூட்டம் வேலி வரைக்கும். முதல் ஆள் வத்தல் வியாபாரி ராசாமணி அண்ணாச்சி. புது ஜிப்பா. விலை அட்டையைப் பிய்க்க மறந்து பின்கழுத்தில் தொங்குகிறது. நான் சொல்லவில்லை.

"ஏலே சமையலு, ஐயா என்னையப் பத்தி எதுவும் சொன்னாகளா?"

எனக்கு ஐம்பது. அவருக்கு நாற்பது இருக்கும். ஏலேயாம்.

மார்கழி 5, புதன்

வருகிறவன் எல்லாம் மந்திரி கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுகிறான். சாயங்காலத்துக்குள் ஒரு கூடை. ஊறுகாய் போடச் சொன்னார். சுருங்கின பழமாக ஒன்றை மடியில் செருகிக்கொண்டு வெளியே போனேன். ராசாமணியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஐயா உங்க ஒருத்தருக்கு மட்டும் குடுக்கச் சொன்னாக. வெளிய மூச்சு விடாதீக."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப சீட்டு நமக்குத்தானாண்ணே?"

"அத நான் என் வாயால சொல்லலாமா அண்ணாச்சி."

நிமிஷத்தில் அண்ணன் ஆகிவிட்டேன். காவல்கார மாடசாமியும் நானும் விறகுக் கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்கழி 6, வியாழன்

ரசத்தில் உப்புக் கூடிப்போனது. மந்திரி கண்டுபிடிக்கவில்லை.

மாடசாமி கடைத்தெருவில் கேட்டது. ராசாமணி நேற்றே சிவகாசி அச்சாபீசுக்கு ஓடியிருக்கிறார். பொங்கல் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தி இவர் முகத்தை அடித்தார்களாம். 'நமது வேட்பாளர்' என்று போஸ்டர். வீட்டம்மா, "பேப்பர்ல வரட்டும், பொறுங்க" என்றதாம். கடை ஆட்கள் முன்னாலேயே, "ஒனக்கென்ன தெரியும், போயி அடுப்பப் பாரு" என்று விரட்டியிருக்கிறார்.

மார்கழி 7, வெள்ளி

மந்திரி ஆமத்தூர்க் கூட்டம் போய்விட்டுப் பகலிலேயே திரும்பினார். முகம் கடுகடு. சோறு வைத்தேன். பி.ஏ. பக்கத்தில்.

"ரோடு பூரா அந்த வத்தல்காரன் மூஞ்சி. நான் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள செவரு பேசுது."

"அவர் பேரைத்தானங்கய்யா எழுதி வச்சிருக்கோம்."

"அடிச்சிரு. இன்னைக்கு என்னைக் கேக்காம ஒட்டுறவன், நாளைக்கு என்னென்ன செய்வான்."

"வேற யாருங்கய்யா?"

"அவன் மச்சினன் தீப்பெட்டிக் கம்பெனி தங்கவேலு. இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. அவனைப் போடு."

நெய் ஊற்றினேன். நிஜமாகவே ரா. பேர்தான் இருந்திருக்கிறது. நான் கண்டேனா. மாடசாமியிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மார்கழி 10, திங்கள்

மந்திரி சனிக்கிழமையே கிளம்பியாயிற்று. பேப்பரில் பேர் வந்துவிட்டது. தங்கவேலு. ஒட்டாமல் மிச்சம் கிடந்த ரா. போஸ்டரைத் திருப்பி, பின்பக்கம் மச்சினன் முகத்தை அடிக்கிறார்களாம். நல்ல தாள்.

இடுப்பு வலி. ஒத்தடம்.

மார்கழி 11, செவ்வாய்

மதியம் பின்வாசல் வழியாக ரா. சவரம் இல்லை. இலை போட்டேன்.

"போகட்டும்ணே. ஐயா மனசுல நம்ம பேரு எங்கன இருந்திருக்கப் போகுது. மரியாதைக்குக் குடுத்த பழத்த வச்சு நானா ஆசப்பட்டேன்."

அந்த நினைப்பில் சோறு இறங்கியது. அப்படியே விட எனக்கு மனசில்லை.

"என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்றீக. எழுதி வச்சிருந்ததே உங்க பேருதான். போஸ்டரப் பாத்துட்டுத்தான் அந்தப் பேர அடிச்சாக. நான் நெய் ஊத்திக்கிட்டு நின்னேன்ல."

பிசைந்த கை நின்றது.

"எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதீகண்ணே."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்" என்று மோர் ஊற்றினேன்.

நாளை மறுநாள் தங்கவேலு வீட்டில் விருந்து. சமையல் நான். கூடமாட ஒத்தாசைக்கு அவன் அக்காள் வருகிறதாம், ரா. வீட்டம்மா. மூன்று வகைப் பொரியல். காய் நறுக்கி முடிக்கவே வெகு நேரமாகும்.