உப்பு குறைந்த பிஸ்கட்

குட்டி,

அன்று காலை நான் செய்த கேழ்வரகு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "உப்பு பத்தலடி" என்றாள் உன் அம்மா. "பிரஷர் இருக்கிறவங்களும் சாப்பிடறது அக்கா, அளவாத்தான் போடணும்" என்றேன். "அப்போ அவங்களே தின்னட்டும்" என்று சிரித்தபடி குளிக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை.

"எங்கம்மாவை வச்சுச் சோதனை பண்ணினது போதாதா, மறுபடியும் மாவு பிசையப் போறீங்களா சித்தி?" என்று நேற்று நீ கேட்டாய். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்குத் தெம்பாக ஏதாவது செய்யத்தான் இந்த உணவு ஆராய்ச்சி வேலைக்கே வந்தேன். நம் வீட்டுக்கு அது உதவவில்லை. ஆனாலும் போகிறேன். ஐம்பது தாண்டிய பெண்கள் இன்று லேபுக்கு ருசி பார்க்க வருகிறார்கள்.

சோறு குக்கரில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. என்மேல் உள்ள கோபத்தை வயிற்றில் காட்டாதே.

பி.கு. மேசைமேல் டப்பாவில் பிஸ்கட் இருக்கிறது. ஒன்றைக் கடித்துப் பார்த்துச் சொல். லேபில் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல எனக்கு இனி நீ ஒருத்திதான்.

சித்தி, உப்பு இன்னும் பத்தவில்லை.