உங்கள் வீட்டு ஏசிக்கு நான் போட்ட விலை

அண்ணாச்சி,

நேற்று ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். எட்டு வருடம் முன்பு அவர் வீட்டில் நான் மாட்டிக் கொடுத்த நான்கு ஏசிகளும் ஓய்ந்துவிட்டனவாம், மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பழைய அளவுகளைப் பார்க்க ஃபைலை எடுத்தேன். என் கொட்டேஷனுக்கு அடியில் உங்கள் கடை லெட்டர்ஹெட்டில் இன்னொன்று இருந்தது. என் விலையைவிட ஆயிரத்து இருநூறு திர்ஹாம் கூடுதல். ஓரத்தில் பென்சிலால் உங்கள் கையெழுத்து: "போதுமா வே?"

அந்த எழுத்து விழாதபடி ஓரத்தை மறைத்து நகல் எடுத்து அவருக்குக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

நம் தொழிலில் இதெல்லாம் சகஜம். ஏசி மாற்ற நினைக்கும் எந்த ஓனரும் மூன்று பேரிடம் விலை கேட்டாயிற்று என்ற திருப்தி இல்லாமல் காசை எடுப்பதில்லை. மூன்று கொட்டேஷனையும் நீயே கொண்டுவா என்று நம்மிடமே சொல்பவர்களும் உண்டு. ஷார்ஜா தொழில்பேட்டையில் எதிரெதிர்க் கடை நமக்கு. எனக்கு வேலை வந்தால் நீங்கள் கூட்டிப் போட்டுத் தருவீர்கள், உங்களுக்கு வந்தால் நான். கேட்பவர் முதலில் தன் விலையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் நம் வழக்கம். "நான் நாலாயிரம் போட்டிருக்கேன், நீரு மேல போடும்" என்பீர்கள். அதற்கு மேல் பேச்சில்லை. இதைத் தப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் பிழைத்தது இப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு தடவை 4,300 என்று அடிக்க வேண்டியதை 3,400 என்று அடித்து அனுப்பிவிட்டேன். உங்கள் வாடிக்கையாளர் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார். டிரெய்லர் போகிற ரோட்டை வேட்டி மடித்துக் கட்டியவரைப் போலப் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்தீர்கள்.

"ஏம் வே, மாப்பிள்ளைத் தோழனா வாரும்னு கூப்பிட்டா, மோதிரத்த நீரே மாட்டிக்கிட்டு நிக்கீரு?"

"கை தவறிருச்சு அண்ணாச்சி. வேலைய நீங்களே எடுத்துக்கங்க."

"யாருக்கு வேணும்? ஒம்ம ரேட்டுக்குச் செஞ்சா காப்பர் பைப்பு காசுகூட தேறாது. நீரே செய்யும். நான் நின்னு வேடிக்கை பாக்கேன்."

வேடிக்கை பார்க்கவில்லை. உங்கள் டெக்னீசியன் இரண்டு பேரை அனுப்பி வைத்தீர்கள். எனக்கு அதில் நஷ்டம்தான், ஆனால் அன்று சிரித்த அளவுக்கு லாபம் வந்த எந்த வேலையிலும் சிரித்ததில்லை.

உங்கள் கடையில் இப்போது டயர் விற்கிறார்கள். என் வீட்டம்மா பிள்ளைகளின் காலேஜுக்காகத் திருச்சிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று அறை ஃப்ளாட்டில் ஒரு அறை ஏசி மட்டும் ஓடுகிறது. கடையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், நான் சொல்லும் விலைக்கு எல்லாரும் தலையாட்டுகிறார்கள். என்னை "வே" என்று கூப்பிட ஆளில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடைசி ஆகஸ்டில் ஒரு மெசேஜ் அனுப்பினீர்கள். "ஒன்றரை டன் ஸ்பிளிட் ரெண்டு. பழச கழட்டி மாட்டுற கூலியோட ஒரு கொட்டேஷன் அனுப்பும்." ஆகஸ்டில் எனக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. உங்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள், முழங்கால் வலியில் கடைக்கே வருவதில்லை என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் வீட்டிலிருந்து போனிலேயே ஏதோ வேலை பிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் விலையைச் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகக் கூட்டி 6,400 போட்டு, சைட்டில் நின்றபடியே அனுப்பினேன்.

"சரி" என்று பதில் வந்தது.

செப்டம்பரில் ஊருக்குப் போனீர்கள். தூத்துக்குடியில் டிசம்பரில் நெஞ்சுவலி, இரண்டே நாள். ஜனவரியில் மதினி ஃப்ளாட்டைக் காலி செய்ய வந்தார்கள். சாமான் இறக்க என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்ரூம் இரண்டிலும் சுவரில் ஏசி இருந்தது, ஸ்விட்சைப் போட்டால் வெறும் காற்றுதான், குளிர்ச்சி இல்லை.

"ஆகஸ்டுலயே ரெண்டும் நின்னு போச்சு தம்பி. ஹால்ல பழைய விண்டோ ஏசி ஒண்ணு ஓடிச்சு. அங்கனதான் பாய விரிச்சுப் படுத்தோம்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே மதினி?"

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "ஒங்ககிட்டதான தம்பி ரேட்டு கேட்டாவ."

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"போன என்கிட்ட காட்டுனாவ. மனுசனுக்கு இப்ப சீசன் டைமு, விடுன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

மெஷின் இரண்டும் எனக்கு வரும் விலை, பைப்பு, வயர் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடித்திருப்பேன். கூலி வாங்கியிருக்க மாட்டேன். நீங்கள் சட்டைப் பையில் திணித்திருப்பீர்கள், நான் மதினி கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அந்தச் சண்டை நமக்குள் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை.

வெளி யூனிட் இரண்டும் மொட்டை மாடியில் இருந்தன. ஆட்களை அனுப்பாமல் நானே ஏறினேன். ஒன்றில் கம்ப்ரெசர் எரிந்துபோயிருந்தது. மற்றதில் கப்பாசிட்டர் மட்டும்தான் உப்பியிருந்தது. நாற்பது திர்ஹாம் சாமான். அந்தப் படிகளில் ஏற உங்கள் முழங்கால் இடம் கொடுத்திருந்தால் நீங்களே பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பீர்கள். நான் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றியிருப்பேன். வண்டியில் ஒன்று கிடந்தது, மாட்டினேன். ஓடியது. கீழேயிருந்து மதினி போன் செய்தார்கள்.

"கூலிங் வருது தம்பி. நிறுத்திருங்க, குளிருது."

கீழே இறங்கி வந்து, அது உங்களுக்குப் போட்ட விலையில்லை, வேறு யாருக்கோ என்று நினைத்துக் கூட்டிப் போட்டது என்று நம் வழக்கத்தை முதலிலிருந்து விளக்கினேன். "அப்படியா தம்பி" என்றார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். துணைக்குப் போட்ட விலை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும், இந்த வித்தையில் நீங்கள் எனக்கு இளைத்தவரா என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். புரிந்திருந்தால், "எனக்குத்தான் வே" என்று இரண்டு வார்த்தை கூட அடித்திருக்க மாட்டீர்களா என்று மறுநாள் தோன்றுகிறது. ஏசி வியாபாரி, தன் வீட்டு ஏசி நின்றுவிட்டது, மாற்றக் கையில் இல்லை என்று இன்னொரு ஏசி வியாபாரியிடம் எப்படிச் சொல்வான்? நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது யார் கொட்டேஷன் கேட்டாலும் விலை போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் அடுத்த சந்தில் கடை வைத்திருக்கும் மலையாளி கூப்பிட்டார். "அண்ணா, நான் அஞ்சாயிரம் போட்டிட்டுண்டு. நீங்க ஒண்ணு மேல போட்டுத் தரணும்."

"யார் வீட்டுக்கு?"

"அஜ்மான்ல ஒரு பார்ட்டி. விலை போட வீடு எதுக்கு அண்ணா?"

"சும்மாதான்" என்று சொல்லி, கூட்டிப் போட்டு அனுப்பினேன்.

எல்லாரிடமும் கேட்கிறேன், அண்ணாச்சி. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் எரிச்சல்படுகிறார்கள். என் வீட்டுக்குத்தான் என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.