சுல்தானாவின் சலாம்

14 மார்ச் 2005, திங்கள்

மரக்காணத்தின் மாமன்னர், அரிசிக்கடை அதிபர், கல்யாணக் குதிரைப் படையின் தளபதி (படையில் குதிரை ஒன்றுதான்) ஜஹாங்கீர் அவர்கள் இன்று காலை கடையைத் திறந்தார். யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள். சாயங்காலம் மூடினார்.

ஜுவைரியா குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாளாம். நான் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. என் தங்கை. புருஷன் துபாயில். மகள் ஹம்னாவையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து எனக்குச் சோறு போடுகிறாள்.

"ண்ணே, உப்பே இல்லியே. தெரியலயா உனக்கு?"

மரக்காணத்துக்காரனுக்கு உப்பு தெரியவில்லை! பேப்பரில் போடலாம்.

பிறகு என் குதிரை சுல்தானா மேல் ஏறி உப்பளத்து வரப்பெல்லாம் சுற்றிவிட்டு வந்தேன். வழக்கம்போல் வெறும் முதுகில்.

17 மார்ச், வியாழன்

சவாரி. வேறொன்றுமில்லை.

20 மார்ச், ஞாயிறு

ஹம்னாவுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை. படிப்பதைத் தவிர எல்லாம் செய்கிறாள். இன்று என்னை விசாரணைக் கமிஷன் வைத்து விசாரித்தாள்.

"சேணம் இல்லாம ஏறுறியே மாமு, அதுக்கு நோவாதா?"

"நோவா? செருப்பில்லாம மணல்ல நடந்தா உனக்கு நோவுதா? சேணம்கிறது குதிரைக்குப் போட்ட விலங்குடி. நம்ம கொள்ளுத்தாத்தா செஞ்சிக் கோட்டையிலேர்ந்து தில்லி வரைக்கும் வெறும் முதுகுலயே போனாரு. தில்லி வந்ததும் குதிரை எறங்கவே விடல. இன்னொரு ரவுண்டு போலாம்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு."

"கொள்ளுத்தாத்தா செக்கு ஓட்டுனாருன்னு அம்மா சொன்னாங்க."

"அது ஓய்வு நேரத்துல."

ஆதாரமும் காட்டினேன். ஏறுவதற்கு நான் பக்கத்தில் போனால் போதும், சுல்தானா காதைப் பின்னால் மடித்து முதுகை அப்படியே தாழ்த்துவாள். "பாத்தியா, பாதுஷாவுக்கு சலாம் போடுறா!" இதை நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஹம்னா சிரிக்கவில்லை.

சேணம் ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. கடலோரத்து அனுமந்தை ஊர் சிங்காரம் தன் மகன் கல்யாணத்துக்கு நம் குதிரையைப் பேசியிருந்தார். கூறைப்புடவை நிறத்திலேயே சேணத்துக்கு வெல்வெட் உறை தைத்துத் தருவதாக என் மனைவி சைபுன்னிசா வாக்குக் கொடுத்திருந்தாள். புடவையோடு நிறம் ஒத்துப்பார்க்க, உறையைத் தைத்து மாட்டிய சேணத்தை ஆட்டோவில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் வந்தது.

அவளை மறுநாள் சவுக்குத் தோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சேணம் கிடைக்கவில்லை.

நான் அழவில்லை. இன்றுவரை இல்லை. உட்கார்ந்திருக்கும்போது நாற்காலி எது, நான் எது என்று தெரிவதில்லை. குதிரை மேல் மட்டும் தொடைக்குக் கீழே ஒரு சூடு. ஒரு எலும்பு அசைவது தெரிகிறது. அதற்காகத்தான் ஏறுகிறேன். ஹம்னாவிடம் இதைச் சொல்ல முடியுமா? தில்லிக் கதைதான் சொல்ல முடியும்.

3 ஏப்ரல், ஞாயிறு

சுல்தானாவின் முதுகெலும்பு மேல் ரூபாய்க் காசு அகலத்துக்கு மயிர் கொட்டி, தோல் சிவந்திருக்கிறது. பக்கத்து உப்பளத்துக் கலியன் பார்த்தான்.

"ஏன் பாய், உப்புப் பாத்தித் தண்ணி இருக்க மருந்து எதுக்கு? நாலு வாளி ஊத்து. எங்க காலப் பாரு, அதுலயே நின்னு நின்னு இரும்பு ஆயிடுச்சு."

கடல் வந்து போனதிலிருந்து எங்கள் கிணறும் உப்பு. லாரித் தண்ணீர் வீட்டுக்கே பற்றவில்லை. பாத்தித் தண்ணீரே ஊற்றினேன். காய்ந்ததும் முதுகெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. நாலு வாளியில் செவலைக் குதிரை அரபுக் குதிரையாகிவிட்டது! அதன் மேலேயே ஏறிப் போனேன்.

10 ஏப்ரல், ஞாயிறு

சிங்காரம் வந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஆனில கல்யாணத்த வச்சிட்டோம் பாய். குதிரை வேணும். வேற எடத்துல பாக்க மனசு வரல. அந்தம்மா வாயால சொன்ன குதிரை."

"வரும். சேணமெல்லாம் கெடையாது. வெறும் முதுகுல ராஜா மாதிரி வருவான் உன் புள்ள. அதான் பழைய முறை."

உள்ளே ஜுவைரியா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். நான் குதிரையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெகுதூரம் போனேன். எங்கே போனேன் என்று தெரியவில்லை.

12 ஏப்ரல், செவ்வாய்

ஹம்னா இன்று ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமு, நீ புல்லு எடுத்துட்டுப் போறப்போ சலாம் போட மாட்டேங்குதே, ஏன்?"

"பசியில மரியாதை மறந்துடும்."

"நான் போனாலும் போடல. கலியன் அண்ணன் போனாலும் போடல. நீ ஏறப் போறப்போ மட்டும்தான் போடுது."

"பாதுஷா நான்தானே?"

அவள் சுல்தானா பக்கத்தில் போய் அந்த எலும்பு மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். காது பின்னால் போனது. முதுகு தாழ்ந்தது. விரலை எடுத்தாள், நிமிர்ந்தது. மறுபடி வைத்தாள் —

போதும்டி, எடு கையை என்றேன்.

என்னத்த எழுத. நோவுல நெளிஞ்சிருக்கா. நான் வர்றது தெரிஞ்சதுமே, ஐயோ ஏறப் போறான்னு நெளிஞ்சிருக்கா. அத சலாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. வாயில்லாத ஜீவன். இத்தன நாளா என்ன பண்ணிட்டு இருந்தேன் நான்?

13 ஏப்ரல், புதன்

மாட்டு டாக்டரைப் பிரம்மதேசத்திலிருந்து கூட்டி வந்தேன்.

"எத்தன கிலோ இருப்பீங்க பாய்?"

"பூ மாதிரி டாக்டர்."

"எத்தன கிலோ பூ?"

எண்பத்தாறு என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. லேசான ஆள், முதுகில் சதை உள்ள குதிரை, கொஞ்ச நேரம் என்றால் சேணம் இல்லாமல் ஏறுவது பரவாயில்லையாம். இவள் இளைத்துப் போயிருக்கிறாள். சேணம் இருந்தால் பாரம் இரண்டு பக்கத்துச் சதைக்கும் பிரிந்து போகும். "நீங்க நேரா எலும்பு மேல உக்காந்திருக்கீங்க. அது பத்தாதுன்னு காஞ்ச உப்பு வேற. உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி." களிம்பு கொடுத்தார். நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். ஆறும் வரை யாரும் ஏறக் கூடாது.

ஏறினால் அவளுக்கு நோவு. ஏறாவிட்டால் எனக்கு அந்தச் சூடும் கிடையாது.

14 ஏப்ரல், வியாழன்

ஏறவில்லை.

15 ஏப்ரல், வெள்ளி

ஏறவில்லை. ஜும்ஆ முடிந்து வந்து அவள் பக்கத்தில் சும்மா நின்றேன். ஏறப் போகிறேன் என்று நினைத்து முதுகைத் தாழ்த்தினாள்.

16 ஏப்ரல், சனி

என் பங்கு லாரித் தண்ணீர் இனிமேல் சுல்தானாவுக்கு என்று அரசாணை பிறப்பித்தேன். "அப்போ நீ எதுல குளிப்பே?" என்றாள் ஜுவைரியா. மாமன்னர்கள் எதிலும் குளிப்பார்கள். கலியனின் பாத்திக்குப் போய் இரண்டு வாளி மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

அல்லாவே! எரிந்தது பாருங்கள். சவாரியில் தொடை உரசி உரிந்திருந்தது எனக்கே தெரியாது. வரப்பில் நின்று குதித்தேன். கலியன் ஓடி வந்து, "இன்னா பாய், பாம்பா?" என்றான். "உன் மருந்துடா, டேய்! இரும்பாம் இரும்பு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது. எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ராத்திரி முழுக்க எரிச்சல். டிசம்பருக்குப் பிறகு இன்றுதான் என் கால் என்னுடையது.

30 ஏப்ரல், சனி

புதுச்சேரியில் ஒரு பழைய சேணம் கிடைத்தது. வாங்கிவிட்டேன். எலும்பு மேல் படாமல் நடுவில் இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து ஹம்னா அடிமெத்தை தைக்கிறாள். சைபுவின் தையல் மெஷின் பெட்டியைத் திறந்தோம். அந்த வெல்வெட்டில் மீதி இருந்தது. மாம்பழ நிறம். மேல் உறைக்குப் போதும்.

கோணல் தையல். சைபு பார்த்தால் பிரித்து எறிந்துவிட்டு மறுபடி தைப்பாள்.

19 ஜூன், ஞாயிறு

சிங்காரம் வீட்டுக் கல்யாணம். ஜுவைரியா காலையிலேயே எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள். "என்னா இது, மொத்த உப்பளத்தையும் கொட்டிட்டியா?" என்று கத்தினேன். "கத்து ண்ணே, நல்லா கத்து" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அனுமந்தைக்கு சுல்தானாவை நடத்தியே கூட்டிப்போனேன். அந்தப் பக்கம் போய் ஆறு மாதம் ஆகிறது. சிங்காரம் சேணத்தின் உறையைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை தெருமுனையிலிருந்து பந்தல் வரைக்கும்தான் ஏற வேண்டும் என்று ஏற்கெனவே ஆணையிட்டிருந்தேன். ஒல்லிப் பையன். அவன் சேணத்து வளையத்தில் கால் வைத்தபோது நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாழவில்லை. காது முன்னாலேயே நின்றது. மேளத்துக்குத் தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்ததும் சேணத்தை இறக்கி, நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். பிறகு, ஏறப் போகிறவன் போல அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அசையவில்லை. என் சட்டைப் பையை முகர்ந்தாள். ஊரறிந்த பாதுஷாவுக்கு ஒரு சலாம் கூடக் கிடையாது.

அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. நானே குனிந்து ஒன்று போட்டுவிட்டு வந்தேன்.